எண்டொஸ்கோப்பி நோர்மல், ஆனால் வயிற்றுவலி நிற்கவில்லை

வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்த எண்டொஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, டொக்டர் 'டென்ஷன்' என்கிறார், அப்ப இந்த வலி என் கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது உங்கள் கற்பனை இல்லை. டொக்டர் 'டென்ஷன்' என்று சொன்னதற்கு வலி பொய் என்று அர்த்தமில்லை.

கந்தோருக்குப் போகிற காலையில் மட்டும் வயிறு முறுக்குது, வெள்ளவத்தையில் பஸ் ஏறமுன் இரண்டு தரம் கக்கூசுக்கு ஓடுகிறேன், போயா லீவில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். இது பெரும்பாலும் ஐபிஎஸ் (IBS), அதாவது குடலில் புண் எதுவும் இல்லாமலே வலியும் மலம் கழிப்பதில் குழப்பமும் வருகிற நிலை, ஆக இருக்கலாம். குடலுக்கென்று தனி நரம்பு வலையே இருக்கிறது. மனம் பதறினால் பெருங்குடல் வேகமாக அசையும், சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். கமரா புண்ணைத்தான் காட்டும், பதற்றத்தையா காட்டும்?

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: வலி வந்த நேரம், சாப்பிட்டது, முதல்நாள் நித்திரை, மனதில் ஓடியது. பால் தேத்தண்ணியையும் குறியுங்கள். லீவு நாளிலும் அதைக் குடித்து ஒன்றும் ஆகவில்லையென்றால் பாலை அவ்வளவாகச் சந்தேகிக்கத் தேவையில்லை.

அப்புறம் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்குத் தருகிற அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் எழுதினால் பயப்படாதீர்கள், குடல் வலியை அடக்கவும் அதைத் தருவார்கள்.

ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், நித்திரையைக் கலைக்கிற வலி, இதில் எது வந்தாலும் டென்ஷன் என்று விடாமல் உடனே திரும்பப் போங்கள்.