மூன்று நாளுக்கு ஒருமுறை 'கோப்பு சேதம்' என்று நிற்கும் விண்டோஸ்

விண்டோஸ் அவ்வப்போது 'கோப்பு சேதம்' என்று நிற்கிறது, எஸ்எஃப்சியை (SFC, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் கட்டளை) நான்கு முறை ஓட்டியும் தீரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது "சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று சொன்ன பிறகு அதையே திரும்பத் திரும்ப ஓட்டியும் பயன் இருக்காது. அது நல்ல பிரதியை எடுக்கும் கிடங்கே கெட்டிருக்கலாம். முதலில் அந்தக் கிடங்கைச் சரிசெய்யும் டிஸ்ம் (DISM) கட்டளையை ரிஸ்டோர்ஹெல்த் (RestoreHealth) தேர்வோடு, அட்மின் உரிமையில், இணையம் இருக்கும்போது ஓட்டுங்கள். 62 சதவீதம் பக்கம் வந்து உறைந்தது போல நிற்கும், பயந்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட், அப்புறம் மறுபடி எஸ்எஃப்சி.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஒருநாள் வருகிறது, இரண்டு நாள் வரவில்லை என்கிறீர்கள். கோப்பு மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் தினமும் வரும். விட்டுவிட்டு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கை, அடுத்து ரேமை.

விண்டோஸ் குறித்து வைக்கும் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்தில் 7ஆம் எண் பிழை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் உண்டு என்று அர்த்தம். இல்லையென்றால் ரேமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டிவிட்டுத் தூங்கப் போங்கள், அது முடிய நேரமாகும்.

இன்னொன்று, ஷட்டவுன் செய்து திறக்கும்போது மட்டும் பிழை வந்து, ரீஸ்டார்ட்டில் வராமல் இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பாருங்கள், ஏனென்றால் அது பாதி விண்டோஸைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையேதான் திரும்ப ஏற்றுகிறது.

7ஆம் எண் கண்ணில் பட்டால் மேலே சொன்ன எதையும் தொடாமல் முதலில் உங்கள் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் பழுதுபார்ப்பு ஓட்டினால் இருப்பதும் போய்விடலாம்.