சேமித்த பருத்தி விதைக்கு வழக்கு வருமா?

கேள்வி: போன பட்டத்தில் பி.டி. (புழுவை எதிர்க்கும் மரபணு சேர்த்த) வீரிய ஒட்டுப் பருத்தியில் நன்றாகக் காய்த்த செடிகளிலிருந்து விதை எடுத்து வைத்துள்ளேன். அமெரிக்காவில் இப்படி விதைத்த விவசாயி மேல் கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்ததாக மருமகன் பயமுறுத்துகிறார். எனக்கும் நோட்டீஸ் வருமா?
– பெரம்பலூர் மாவட்ட விவசாயி

பதில்: உங்கள் வயலில் விதைக்க நம் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்த விதையைப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மருமகன் சொன்னது நிஜம். இந்தியானா மாநிலத்து விவசாயி போமன், தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்து, களைக்கொல்லிக்குத் தாங்கிய செடிகளின் விதையை ஆண்டுதோறும் எடுத்து வைத்தார். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் விதைக் கம்பெனியான மான்சாண்டோ பக்கமே தீர்ப்பளித்தார்கள். அங்கே விதைக்கே காப்புரிமை உண்டு. கனடாவில் முழுச் செடிக்குக் கிடையாது, அதிலுள்ள மரபணுவுக்கும் செல்லுக்கும் உண்டு. அதனால் அங்கே இதேபோன்ற வழக்கில் 2004-ல் ஷ்மைசர் என்ற விவசாயி தோற்றார். கம்பெனிக்குப் பணம் மட்டும் கட்டவேண்டி வரவில்லை.

ஒரு நாட்டில் வாங்கிய காப்புரிமை அந்த நாட்டு எல்லையோடு முடிந்தது. நம் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(ஜே) செடி, விதை, ரகம் எதற்கும் காப்புரிமை தராது. போல்கார்டு-2 என்ற பி.டி. பருத்தியின் மரபணு மீது இங்கே இருந்த காப்புரிமையும் 2019-ல் காலாவதி. ரகங்களுக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் பிரிவு 39 விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு பெயர் போட்டுப் பாக்கெட்டில் விற்பது மட்டும் கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த விதை விளையுமா என்பது. வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறை பிரிந்துபோகும். உயரம், காய்ப்பு, பஞ்சின் நீளம் எதுவும் ஒன்றுபோல் வராது. பி.டி. மரபணு பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்தே வருவதால், ஏறக்குறைய கால்வாசிச் செடிகளில் அது இருக்காது. புழு அங்கே பெருகும்.

விதை சேமிக்க ஆசையிருந்தால் நேர் ரகத்துக்கு (ஒட்டு அல்லாத, விதை தாய்ச்செடி போலவே வரும் ரகத்துக்கு) வாருங்கள். இதை எத்தனை முறையும் சொல்வேன். விதைக்கென ஒதுக்கும் பாத்தி, வேறு பருத்தியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் பறிப்பில் நன்கு வெடித்த காய்களை மட்டும் எடுங்கள், புழு விழுந்ததைக் கழியுங்கள். அரவையைத் தனியாக வையுங்கள். பஞ்சையும் விதையையும் பிரிக்கும் பொது ஜின் ஆலையில் போட்டால் எல்லா ரகமும் கலந்துவிடும். விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சு நீக்க, பிளாஸ்டிக் வாளியில் 1 கிலோ விதைக்கு அடர் கந்தக அமிலம் 100 மில்லி ஊற்றி, மரக்குச்சியால் 2–3 நிமிடம் கிளறுங்கள். விதை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு நான்கைந்து முறை அலசி, மிதப்பதை எறியுங்கள். கையுறை கட்டாயம். நிழலில் உலர்த்தி, 100 விதையை ஈரச் சாக்கில் முளைவிட்டுப் பாருங்கள். 65-க்குக் கீழே முளைத்தால் விதைக்க வேண்டாம்.

களைக்கொல்லி தாங்கும் பருத்தி என்று பில் இல்லாமல் பாக்கெட் நீட்டும் ஆளை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதற்கு மத்திய அரசின் அனுமதியே இல்லை. முளைக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? பதிவான ரகம் சொன்னபடி விளையாவிட்டால் அதே பிரிவு 39-ன்கீழ் இழப்பீடு கேட்கலாம். அதற்கு பில், விவர அட்டை, கொஞ்சம் விதையோடு கூடிய பாக்கெட் மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.