ஆலவாவுக்குள் ஒரு புர்கோஸ் துண்டு

கேள்வி: ஸ்பெயின் வரைபடத்தில் ஆலவா மாகாணத்துக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் புர்கோஸ் மாகாணத்தின் நிறத்தில் இருக்கிறதே, அச்சுப் பிழையா? அங்கே மாகாணம் வேறு, தன்னாட்சிப் பிரதேசம் வேறா?

பதில்: பிழையே இல்லை. அந்தத் துண்டு ட்ரெவின்யோ. எனக்கு ரொம்ப நாளாக மனசை உறுத்தும் இடம்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. ஹாவியேர் தே புர்கோஸ் என்ற அமைச்சர் 1833-இல் ஸ்பெயினை 49 மாகாணங்களாகப் பிரித்தார். 1927-இல் கேனரி தீவுகள் இரண்டு மாகாணங்களாக, மொத்தம் 50. 1978 அரசியலமைப்புக்குப் பிறகு இவை தனித்தோ சேர்ந்தோ 17 தன்னாட்சிப் பிரதேசங்களாயின. ஆலவா ‘பாஸ்க் நாடு’ என்ற தன்னாட்சிப் பிரதேசத்தோடு போனது, புர்கோஸ் காஸ்டில்-லியோன் பிரதேசத்தோடு.

இப்போது ட்ரெவின்யோ. 14-ஆம் நூற்றாண்டில் காஸ்டில் அரசர் இரண்டாம் என்ரிக்கே இதை மன்ரிக்கே குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்படித் தனித்து நின்ற நிலம் 1833-லும் புர்கோஸிலேயே இருந்தது. அன்றைக்கு அது வெறும் மாகாண எல்லை. 1978-க்குப் பிறகு அதே கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு அரசுகள்: மருத்துவம், பள்ளி எல்லாமே தனித்தனி நிர்வாகம். பாஸ்க் அரசு இயங்கும் விட்டோரியா காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. புர்கோஸ் நகரமோ அதைப்போலப் பல மடங்கு தூரம். நாலு பக்கமும் ஆலவாவின் அஞ்சல் குறியீடு 01 என்று தொடங்க, இங்கே மட்டும் 09!

ஆலவாவில் சேர வேண்டும் என்று இங்குள்ள நகராட்சிகள் பலமுறை கேட்டுவிட்டன. பாஸ்க் நாட்டின் 1979 தன்னாட்சிச் சட்டம், 8-ஆம் பிரிவில், இப்படிப்பட்ட ஊர்கள் வந்து சேர வழி வைத்திருக்கிறது. மக்கள் வாக்கெடுப்பும் அதில் உண்டு. ஆனால் காஸ்டில்-லியோனின் சட்டப்படி, வாக்கெடுப்புக்கு முன்பே புர்கோஸ் மாகாணமும் காஸ்டில்-லியோன் அரசும் சம்மதிக்க வேண்டும். யாரை விட்டுப் பிரிய நினைக்கிறார்களோ அவர்களிடமே அனுமதி! இது சரியில்லை என்பது என் கருத்து. அங்கே குடியிருப்பவர்கள் முதலில் வாக்களிக்கட்டும், இரண்டு அரசுகளும் அப்புறம் பேசட்டும். இன்றுவரை அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. ட்ரெவின்யோ புர்கோஸில்தான் இருக்கிறது.