நம்மிடம் நாமே அன்பாக இருந்தால் ஓசிடி குறையுமா?

ஓசிடியும் (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) பதற்றமும் சில வருடங்களாகப் படுத்துகின்றன, எல்லோரும் "உன்னையே திட்டிக்காதே, உன் மேல அன்பா இரு" என்கிறார்கள், அதை எப்படித்தான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான், 11 வருடங்களாக. அந்த அறிவுரை சரியானது. ஆனால் பாதியில் நிற்கிறது. பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நான் இரண்டு வருடம் இன்னும் மோசமானேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 22 வயது. அக்காவின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி அருகே நின்றிருந்தேன். "இப்படியே கீழே போட்டுவிட்டால்?" என்று ஓர் எண்ணம் வந்தது. கை கால் உதறிவிட்டது. குழந்தையை அக்காவிடம் கொடுத்தவன், அதன் பிறகு பல மாதம் அவளைத் தூக்கவே இல்லை. எனக்குக் குழந்தையைப் பிடிக்கவில்லை என்று அக்கா நினைத்து வருந்தியிருக்கிறாள். நானோ என்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கதவுப் பூட்டையும் கேஸ் அடுப்பையும் இரவில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும் அந்த நாட்களில்தான் தொடங்கியது.

கடைசியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். 1978-இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வைப் பற்றி அவர் சொன்னார். எந்த நோயும் இல்லாதவர்களிடம் அவர்கள் விசாரித்தபோது, பெரும்பாலானவர்களுக்கு இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. யாரையாவது அடிப்பது, தள்ளிவிடுவது, காயப்படுத்துவது. நோயாளிகளுக்கு வருவதும் கிட்டத்தட்ட அதே எண்ணங்கள்தான். மற்றவர்களுக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. நமக்கோ, "இப்படி நினைத்தேனே, அப்படியென்றால் நான் எப்படிப்பட்டவன்?" என்ற விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். தன்னிடமே பரிவு காட்டுவதைப் பற்றி நிறைய ஆய்வு செய்த கிறிஸ்டின் நெஃப், அதன் மூன்று கூறுகளில் ஒன்றாக, "இந்தத் துன்பம் எனக்கு மட்டும் உள்ளதல்ல, மனிதராகப் பிறந்தவர்களுக்கு உள்ளது" என்ற உணர்வைச் சொல்கிறார். அன்று எனக்குக் கிடைத்தது அதுதான்.

இனி நான் செய்த தவறு. என்னிடம் அன்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, எண்ணம் வரும்போதெல்லாம் "நான் நல்லவன், யாரையும் காயப்படுத்த மாட்டேன்" என்று மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதும் நிம்மதி வந்தது, சில நிமிடங்களுக்கு. பிறகு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, பிறகு பத்து முறை. நடுவில் கவனம் சிதறினால் முதலிலிருந்து. பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. இதுவும் ஒரு சடங்காகிவிட்டது.

என் உளவியல் ஆலோசகர்தான் அதைப் பிரித்துக் காட்டினார். "உங்களுக்கு ஆறுதல் வேணும், அதைக் கொடுங்க. சந்தேகத்துக்கு உத்தரவாதம் வேணும், அதைக் கொடுக்காதீங்க." எனக்குத் தெரிந்து இந்த நோயில் சுயபரிவு என்பது இதுதான். பயந்து நிற்கும் ஆளுக்கு அன்பு. சந்தேகத்துக்குப் பதில் கிடையாது.

நடைமுறையில் இப்படி. இரவு படுத்தபின் "பூட்டினேனா?" என்று வரும். முன்பெல்லாம் "லூசு, இப்பதானே பார்த்தே" என்று என்னையே திட்டிவிட்டு எழுந்து போவேன். திட்டு பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் என்னை மறுபடி எழுப்பும். இப்போது, "பயமா இருக்கு. இருக்கட்டும். பூட்டலையோ என்னவோ. படுத்துக்கலாம்" என்று சொல்கிறேன். அந்த "என்னவோ" முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். பயத்தை எதிர்கொண்டபடி சடங்கைச் செய்யாமல் இருக்கும் இந்தச் சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் இதன் தொடக்க வடிவத்தைப் பற்றி எழுதினார்; இன்று ஓசிடிக்கு முதன்மையான பேச்சு வழிச் சிகிச்சையாக இருக்கிறது. கடினமானது. தனியாகச் செய்யாமல் பயிற்சி பெற்ற ஒருவருடன் தொடங்குங்கள்.

பூட்டினது நினைவில்லையே, மூளை கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறீர்களா? நானும் பயந்தேன். வான் டென் ஹவுட், கின்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2003-இல் ஆரோக்கியமானவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். நினைவு பெரிதாகத் தவறவில்லை, ஆனால் அது மங்கலாகி, அதன்மேல் இருந்த நம்பிக்கை குறைந்துபோனது. சரிபார்ப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது. உங்கள் மூளையின் குற்றம் அல்ல அது.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்ததும் அக்கா என் மேல் இருந்த பாசத்தில், நான் கேட்கும்போதெல்லாம் "பூட்டியாச்சுடா, பூட்டியாச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேள்விகள் பெருகின. பிறகு நான், அக்கா, ஆலோசகர் மூவரும் அவர் அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அதன்படி, "கஷ்டமா இருக்குல்ல? நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று மட்டும் சொல்வாள், பூட்டைப் பற்றிப் பேச மாட்டாள். முதல் வாரம் அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவளுடைய தூக்கமும் போயிருந்ததை நான் கவனித்தது அதற்குப் பிறகுதான். அன்பு அந்தப் பக்கமும் போக வேண்டும்.

மருந்து: எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்கூடத் தரப்படுவது) எடுத்தேன். ஓசிடிக்கு அதன் பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம், இரண்டு வாரத்தில் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். நிறுத்துவதானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

குறையுமா என்று கேட்டீர்கள். எனக்குக் குறைந்திருக்கிறது. அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறும் நாட்களில் அந்தப் பழைய எண்ணம் இப்போதும் சில சமயம் வரும், அவள் கையை விட்டுவிடுவதில்லை. முன்பு இரவில் ஒரு மணி நேரம் பூட்டோடு போகும். இப்போது பெரும்பாலும் ஒரே தடவை. நேற்று நாள் சரியில்லை, மூன்று தடவை பார்த்தேன். திட்டிக்கொள்ளாமல் படுத்துவிட்டேன்.