மடத்தை விட்டு வந்தவர், விட்டு வருவதையே ஆராய்ந்தார்

கேள்வி: கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியேறி, பிறகு மனித மனத்தை ஆராய்ந்தவர் யாரையாவது அறிவீர்களா? அந்தப் பழைய வாழ்க்கை அவருக்கு உதவியதா, தடையாக இருந்ததா?

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹெலன் ரோஸ் ஈபா. கறாராகச் சொன்னால் அவர் சமூகவியலாளர், உளவியலாளர் அல்லர். ஆனால் ஒருவர் தன் பழைய வாழ்வைக் கழற்றி வைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர் அளவுக்கு நெருங்கிப் பார்த்த உளவியலாளர் எவரையும் நான் படித்ததில்லை. ஆகவே உங்கள் கேள்வியைச் சற்று வளைத்துக்கொள்கிறேன்.

ஈபா அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் இருந்து வெளியே வந்தவர். 1975-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் கன்னியர் சபைகள்தான். அவை ஏன் மாறின, உள்ளே இருந்தவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்ற ஆராய்ச்சி 1977-இல் 'அவுட் ஆஃப் தி கிளாய்ஸ்டர்' என்ற நூலாக வந்தது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1965 வாக்கில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 கன்னியாஸ்திரீகள் இருந்தார்கள். இன்று நாற்பதாயிரத்துக்கும் குறைவு. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபரில் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய ஆணையை வெளியிட்டது. சபைகள் தங்கள் விதிமுறைகளைத் தாங்களே மறுபரிசீலனை செய்யத் தொடங்கின. முக்காடு சுருங்கியது, அங்கி போனது, கூடவே ஆட்களும் போனார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கதை அதற்கும் முன்பே தொடங்கியது. வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்த கையோடு பட்டம் முடிக்காத இளம் சகோதரிகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கோடை விடுமுறையில் மட்டும் படித்து ஒரு பட்டத்தை முடிக்கச் சிலருக்கு இருபது வருடம் ஆகும். ஐம்பதுகளில் சபைத் தலைவிகளே இதை எதிர்த்து இயக்கம் நடத்தி, சகோதரிகளை முழுநேரமாகக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். நல்ல ஆசிரியைகளை உருவாக்கத் திறந்த அந்தக் கதவு வழியாகவே பலர் வெளியேறவும் செய்தார்கள் என்பதை ஈபா கவனித்தார். அவரே அப்படிப் படித்தவர் என்பதால் இதில் குற்றம்சாட்டும் தொனி இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. உளவியலும் கன்னியர் மடமும் என்றால் அமெரிக்காவில் உடனே லாஸ் ஏஞ்சலிஸின் மாசற்ற இருதய மரியன்னை சபையைச் சொல்வார்கள். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும் அவருடைய குழுவினரும் 1967-இல் அங்கே குழு உரையாடல்களை நடத்தினார்கள். 1970-இல் அந்தச் சபையின் 300-க்கும் மேற்பட்ட சகோதரிகள் ஒரே நேரத்தில் வார்த்தைப்பாட்டிலிருந்து விலகி, பொதுநிலையினரின், அதாவது துறவறத்தில் இல்லாதவர்களின், சமூகமாகச் சேர்ந்துகொண்டார்கள். ராஜர்ஸின் கூட்டாளியாக இருந்த வில்லியம் கூல்சன் பிற்காலத்தில், 'நாங்கள்தான் அந்தச் சபையை அழித்தோம்' என்ற பொருளில் ஊர் ஊராகப் பேசினார். எனக்கு அதில் பாவமன்னிப்பைவிடத் தற்பெருமைதான் அதிகம் தெரிகிறது. என்ன உடுத்துவது, எப்போது செபிப்பது, போதிய பயிற்சி இல்லாதவரை வகுப்பறைக்கு அனுப்பலாமா என்பவற்றில் அந்தப் பெண்களுக்கும் லாஸ் ஏஞ்சலிஸின் பேராயரான கர்தினால் மெக்கின்டயருக்கும் இடையே நடந்த நீண்ட இழுபறியை விட்டுவிட்டு, சில உரையாடல் குழுக்கள் சபையைக் கலைத்துவிட்டன என்பது அவர்களுடைய சொந்த புத்தியை மதிக்காத பேச்சு.

ஈபாவுக்கு வருகிறேன். 1988-இல் வந்த 'பிகமிங் ஆன் எக்ஸ்' ('முன்னாள்' ஆவது) நூல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. முன்னுரை எழுதியவர் சமூகவியலின் பெருந்தலைகளில் ஒருவரான ராபர்ட் மெர்ட்டன். இதற்காக 185 பேரிடம் நேர்காணல் செய்தார்கள். முன்னாள் கன்னியாஸ்திரீகளோடு மணமுறிவு பெற்றவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், தொழிலை விட்ட மருத்துவர்கள், குடியை விட்டவர்கள், பிள்ளைகளைப் பராமரிக்கும் உரிமை இல்லாத தாய்மார்கள், பால் மாறியவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துக் கேட்டதுதான் அந்த நூலின் துணிச்சல். இவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நடந்திருக்கிறார்கள் என்றார். முதலில் ஐயம் தலைகாட்டுகிறது. பிறகு வேறு வழி உண்டா என்று கண் தேடுகிறது. ஏதோ ஒரு சம்பவத்தில் முடிவு விழுகிறது. அதன்பின் 'முன்னாள்' என்ற புதிய ஆளாக வாழப் பழக வேண்டியிருக்கிறது.

கடைசிக் கட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இருபது வயதுக்குள் மடத்துக்குள் போனவர் முப்பதுகளில் வெளியே வருகிறார். தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது, அந்த வயதுக்கு எந்த உடை பொருந்தும், ஓர் ஆணிடம் எவ்வளவு நேரம் பேசினால் அது வெறும் பேச்சு என எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். வேடம் கலைந்த பிறகும் உடம்பில் தங்கிவிடும் பழைய பாத்திரத்தின் மிச்சம் பற்றியும் எழுதுகிறார்.

என் பெரியம்மா தூத்துக்குடிப் பக்கம் ஒரு மடத்திலிருந்து வெளியே வந்தவர். ஏன் வந்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். மணி அடிக்காமலே விடியுமுன் எழுந்துவிடுவார். சொந்தச் சம்பளத்தில் ஒரு குடை வாங்குவதற்குக்கூட, 'வாங்கிக்கட்டுமா?' என்று அம்மாவிடம் கேட்பார். இவர் மூத்தவர், அம்மா இளையவர். நாங்கள் சிரிப்போம். ஏழ்மையும் கீழ்ப்படிதலும் வார்த்தைப்பாட்டுத் தாளில் முடிந்துவிடுவதில்லை என்பது ஈபாவைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கடைத்தெருவில் அவரைக் கடைசிவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

ஈபாவிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஐயத்துக்கும் முடிவுக்கும் நடுவே மாற்று வழி தேடும் கட்டம் ஒன்றை வைக்கிறார் அல்லவா? மாற்று வழி இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். அறுபதுகளின் அமெரிக்கச் சகோதரிகளில் பலரிடம் பட்டம் இருந்தது, ஆசிரியை வேலை காத்திருந்தது. பெயரில் ஒரு காசும் இல்லாமல், 'ஓடி வந்தவள்' என்ற பட்டத்தை மட்டும் சுமந்து ஊர் திரும்பும் பெண்ணுக்குத் தேடுவதற்கு என்ன இருக்கிறது? விரும்பி விலகுவதையும் தள்ளப்பட்டு விலகுவதையும் அவர் பிரித்துப் பார்த்தது போதாது என்பது என் எண்ணம்.

பிற்காலத்தில் அவர் ஹூஸ்டனில் குடியேறியவர்களின் வழிபாட்டு இடங்களை ஆராயப் போனார். அதில் ஓர் இந்துக் கோயிலும் உண்டு. அது வேறு கதை.

உதவியா, தடையா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி கேட்பதில் அது உதவியிருக்கும். எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரிதான் இருக்கும். தடை என்றால், நான் மேலே சொன்ன குறைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்: பட்டமும் வேலையும் வாய்க்கும் பாதையில் வெளியே வந்தவர் அவர். அந்தப் பாதை எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று கொஞ்சம் சுலபமாக நம்பிவிட்டார்.