பிரசவ அறையில் என் விருப்பத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் கர்ப்பம், 32-வது வாரம் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் இதுவரை சரியாகவே இருக்கின்றன. பிரசவம் எப்படி நடக்க வேண்டும், பிறந்ததும் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சில ஆசைகள் உண்டு. படித்ததையும் கேட்டதையும் சேர்த்து நாலு பக்கம் எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். “டாக்டருக்கே கண்டிஷன் போடுவாயா? அப்புறம் சரியாகக் கவனிக்க மாட்டார்கள்” என்கிறாள் அக்கா. இதை ஆஸ்பத்திரியில் கொடுக்கலாமா? எப்போது, யாரிடம்? கடைசி நேரத்தில் சிசேரியன் என்று சொல்லிவிட்டால் எழுதியதெல்லாம் வீண்தானா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் நாலு பக்கத்தையும் கொடுக்காதீர்கள்.

மாதாமாதம் உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் பிரசவ நேரத்திலும் பக்கத்தில் நிற்பார் என்று சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்துப் போனால் ட்யூட்டியில் யார் இருக்கிறாரோ அவர்தான் பார்ப்பார். எட்டு மணிக்கு ஷிப்ட் மாறினால் இன்னொருவர் வருவார். அவர்கள் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். அந்த நேரத்தில் கண்ணில் படும்படி அரைப் பக்கம் இருந்தால் படிப்பார்கள். நாலு பக்கம் இருந்தால் “அப்புறம் பார்க்கலாம்” என்று கடைசியில் செருகிவிடுவார்கள். நானும் செருகியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

நாலு பக்கத்தை அரைப் பக்கமாக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் என்ன என்று கேளுங்கள். வழக்கத்தோடு உங்கள் விருப்பம் எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் முதல் பக்கம் முழுக்க எனிமா வேண்டாம், ஷேவிங் வேண்டாம், வலி நேரத்தில் தண்ணீர் குடிக்க விடுங்கள், நடமாட விடுங்கள் என்று இருக்கிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளும் இதையேதான் சொல்கின்றன. சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு எனிமாவும் ஷேவிங்கும் தேவையில்லை, குடிக்கலாம், சாப்பிடலாம், நடக்கலாம், விருப்பமான ஒருவர் கூடவே இருக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரி இதையெல்லாம் ஏற்கெனவே கடைப்பிடித்தால் முதல் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்.

துணைக்கு ஆள் விஷயத்தை மட்டும் தனியாகக் கேட்டு வையுங்கள். பல பெண்கள் ஒரே கூடத்தில் இருக்கும் பிரசவ வார்டுகளில் மற்றவர்களின் மறைவுக்காக ஆண்களை உள்ளே விடுவதில்லை. கணவரை விட முடியாது என்றால் ஒரு பெண்ணாவது கூட இருக்கலாமா என்று இப்போதே கேளுங்கள். வாசலில் வந்து நின்றுகொண்டு வாதாடும் விஷயம் இல்லை அது.

இனி, உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்திய இடங்கள்.

“எக்காரணம் கொண்டும் கீறல் போடக் கூடாது” என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் தலை வெளிவர வழிவிடப் பிறப்புறுப்பின் வாசலை எல்லோருக்கும் வழக்கமாகக் கீறி விடுவது தேவையில்லை என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் தலை வாசலுக்கு வந்துவிட்ட நிலையில் குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்து எழாமல் இருந்தாலோ, ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வந்தாலோ, அந்தக் கீறல் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். “எக்காரணம் கொண்டும்” என்ற சொல்லைப் பார்த்தால் அந்த நேரத்தில் ட்யூட்டி டாக்டர் தயங்குவார், அல்லது உங்கள் தாள் முழுவதையுமே ஒதுக்கிவிடுவார். இப்படி மாற்றுங்கள்: “வழக்கமாகக் கீறல் வேண்டாம். தேவைப்பட்டால் காரணத்தைச் சொல்லி, என் சம்மதம் கேட்டு, மரத்துப்போக ஊசி போட்டபின் செய்யுங்கள்.” கூடவே, “தலை வரும்போது வெந்நீரில் நனைத்த துணி ஒத்தடம் கொடுங்கள், மெதுவாக வரவிடுங்கள்” என்றும் எழுதலாம். கிழிசல் பெரிதாகாமல் இருக்க அது நிஜமாகவே உதவுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் சேர்ப்பேன்: முக்கும்போது மேல்வயிற்றை அழுத்தித் தள்ள வேண்டாம். பல இடங்களில் பழக்கதோஷத்தில் இன்னும் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் குழந்தை பிறந்த பிறகு நர்ஸ் அடிவயிற்றில் கைவைத்துத் தேய்த்தால் தடுக்காதீர்கள். கர்ப்பப்பை இறுகி ரத்தப்போக்கு குறைவதற்காகச் செய்வது அது. பிறந்தவுடன் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியும் அதற்காகத்தான். “பிறந்த பிறகு எனக்கு எந்த மருந்தும் வேண்டாம்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். பிரசவத்தில் தாய்மார்களைப் பறிகொடுக்க வைக்கும் பெரிய காரணங்களில் ஒன்று ரத்தப்போக்கு. அந்த ஊசியை மட்டும் பேரம் பேசாதீர்கள்.

அடுத்து, “நான் கெஞ்சினாலும் வலி மருந்து தராதீர்கள்” என்ற வரி. இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சற்று சாய்ந்து உட்கார்ந்தேன். 32-வது வாரத்தில் எழுதிய நீங்கள், பிரசவ வலியில் இருக்கும் உங்களுக்குக் கட்டளை போட முடியாது. அன்றைக்கு வாய்விட்டுக் கேட்கும் பெண்ணுக்கு ஒரு பழைய தாளைக் காட்டி மறுப்பது எங்களுக்குத் தர்மமும் இல்லை. “நானாகக் கேட்கும்வரை வலி மருந்து வேண்டுமா என்று கேட்காதீர்கள்” என்று எழுதுங்கள். அதை எந்த நல்ல நர்ஸும் மதிப்பார். எபிடியூரல் (முதுகுவழியாகக் கொடுக்கும் வலி மருந்து) வேண்டியிருக்கலாம் என்று தோன்றினால், அங்கே எல்லா நேரமும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இல்லாத இடத்தில் அந்த விருப்பத்தை எழுதிப் பயனில்லை.

“ட்ரிப் போட்டு வேகப்படுத்தாதீர்கள்” என்பதற்கும் அதே மாதிரிதான். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறப்பதற்கு முன் நேரம் இழுப்பது சகஜம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கும் இப்போது இல்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம். அதனால் ட்ரிப் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம்: ஏன் இப்போது? ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? வலிக்கு நடுவே உங்களுக்கு இது வாயில் வராது. கூட இருப்பவர் கேட்க வேண்டும். பதில் சொல்ல அரை நிமிடம் போதும். அதற்குக்கூட நேரமில்லாத அவசரம் என்றால் அங்கிருப்பவர்களின் முகத்திலேயே தெரிந்துவிடும். அப்போது வழிவிட்டுவிட்டு, மறுநாள் “நேற்று என்ன நடந்தது என்று உட்கார்ந்து சொல்லுங்கள்” என்று கேட்பது உங்கள் உரிமை.

இப்போது குழந்தை. உங்கள் பட்டியலின் நல்ல பகுதி இதுதான், ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மேலே கொண்டு வாருங்கள்.

பிறந்ததும் மார்பில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. அதனால் பல இடங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டு நிமிடம் மார்பில் வைத்துக் காட்டிவிட்டு, எடை போட, துடைக்க, துணி சுற்ற என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். “முதல் ஒரு மணி நேரம், தோலோடு தோலாக, இடையில் எடுக்காமல்” என்று தெளிவாக எழுதுங்கள். ஈரம் துடைப்பது, குல்லா போடுவது, போர்த்துவது எல்லாம் மார்பின் மேலேயே நடக்கும். முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் போடும் அப்கார் மதிப்பெண்ணுக்கும் குழந்தையை நகர்த்தத் தேவையில்லை. மயக்க மருந்து நிபுணரான வர்ஜீனியா அப்கார் 1953-ல் வெளியிட்ட முறை அது; பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிய, நிறம், துடிப்பு, சீண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துப் போடுவது. எடை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் அது ஓடிப்போகாது. குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், சூடு இறங்காமல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஒரு மணி நேரமும் யாராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல், நிறம் தெரியும்படி இருக்க வேண்டும். நீங்கள் களைப்பில் கண் அசந்துவிடலாம். கூட இருப்பவரிடம் இந்த வேலையைப் பெயர் சொல்லியே ஒப்படையுங்கள்.

தொப்புள் கொடியைத் தாமதமாக வெட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. குறைந்தது ஒரு நிமிடம், வழக்கமாக 1 முதல் 3 நிமிடம் காத்திருந்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். பின்னாளில் இரும்புச்சத்துக்கு நல்ல இருப்பு. ஆனால் குழந்தை மூச்சு விடாமல் துவண்டு கிடந்தால், முதல் ஒரு நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்காகச் சீக்கிரம் வெட்டிவிட்டால் உங்கள் விருப்பத்தை மீறினார்கள் என்று நினைக்காதீர்கள்.

“முதல் நாள் குழந்தைக்கு எந்த ஊசியும் வேண்டாம்” என்பதை நான் ஏற்க மாட்டேன். பிறந்த குழந்தையின் உடம்பில் வைட்டமின் கே மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் அது அதிகம் கிடையாது. அது இல்லாமல் ரத்தம் உறையாது. அரிதாகவே நடந்தாலும், நடந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரை போகலாம். தொடையில் 1 மில்லிகிராம், ஒரே ஒரு ஊசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையும் 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். “ஊசிகளை முதல் ஒரு மணி நேரம் முடிந்த பிறகு, பால் குடிக்கும்போது போடுங்கள்” என்று மாற்றி எழுதுங்கள். அழுகையும் குறையும்.

“எந்த நிலையிலும் பவுடர் பால் கூடாது” என்ற வரியிலும் அந்த “எந்த நிலையிலும்” என்ற சொல் வேண்டாம். முதல் நாள் வரும் சீம்பால் சில துளிகள்தான், குழந்தைக்கு அவ்வளவே போதும் என்பது உண்மை. “பால் வரவில்லை” என்று சொல்லி அவசரப்பட்டுப் புட்டியைத் திணிப்பதும் உண்மை. ஆனால் ரத்தச் சர்க்கரை இறங்கிப்போன குழந்தைக்குக் காத்திருக்க நேரமில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “முதலில் பால் பிடிக்க வைக்க உதவுங்கள். முடியாவிட்டால் சீம்பாலைப் பிழிந்து கரண்டியில் கொடுக்கிறேன். அதற்கு மேலும் தேவை என்றால், ஏன், எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.”

சிசேரியன் ஆனால் எல்லாம் வீணா என்று கேட்டீர்கள். உங்கள் நாலு பக்கத்தில் சிசேரியனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் அந்தப் பயம். அரைப் பக்கத்தில் மூன்று வரியை அதற்கு ஒதுக்குங்கள். முதுகில் ஊசி போட்டு, நீங்கள் விழித்திருக்கச் செய்யும் ஆபரேஷன் என்றால் தியேட்டரிலேயே குழந்தையை மார்பில் வைக்க முடியும். முடியாதபோது கணவர் சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் யார் குழந்தையோடு போவது, யார் உங்களோடு இருப்பது என்பதையும் எழுதுங்கள். நிதானமாக இருக்கும்போது முடிவு செய்யாவிட்டால், அந்த நேரத்தில் எல்லோரும் குழந்தையின் பின்னால் ஓடிவிடுவார்கள். நீங்கள் தியேட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடப்பீர்கள். பால் பிழிய முதல் சில மணி நேரத்திலேயே உதவி வேண்டும் என்பதும் அந்த மூன்று வரியில் இருக்கட்டும்.

தாளின் தலைப்பில், விருப்பங்களுக்கு முன்பாக, மருந்து ஒவ்வாமை, ரத்த வகை, ஏற்கெனவே ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் அது. அப்புறம், நேரில் சொல்லக் கூச்சமான ஏதாவது இருந்தால் அதுவும். என்னிடம் வந்த ஒரு பெண் “உள் பரிசோதனை என்றாலே எனக்கு உடம்பு இறுகிவிடும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்” என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் அந்தப் பரிசோதனை. அவருக்கு ஒவ்வொரு முறையும் கேட்டே செய்தோம். அத்தனை வருடத்தில் நான் படித்த மிகப் பயனுள்ள பிரசவக் குறிப்பு அதுதான்.

34 முதல் 36-வது வாரத்துக்குள் டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள். “இதில் எது இங்கே முடியாது?” என்று கேளுங்கள். கண்டிஷன் என்ற வாசனையே அந்தக் கேள்வியில் இல்லை பாருங்கள். ஒத்துக்கொண்டவற்றைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறந்த பிறகு நடப்பவை அவர் கையில். காரணமே சொல்லாமல் எல்லாவற்றுக்கும் முடியாது என்றால், வேறு இடம் பார்க்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இடையில் ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தாலோ தாளை மாற்றி எழுத வேண்டி வரும். அதனால் பென்சிலில் எழுதினாலும் தப்பில்லை.

கடைசிப் பிரதியை மூன்றாக எடுங்கள். ஒன்று கேஸ் ஷீட்டோடு, ஒன்று ஆஸ்பத்திரிப் பையில் மேலாக, ஒன்று கூட வருபவரிடம். கணவரை உள்ளே விட மாட்டார்கள் என்றால் யார் வரப்போகிறார்? அக்காதான் என்றால், டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியது அவர்தானே.