போரை விலக்கியவர் என்று வென்ற அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், ஐந்தே மாதத்தில் போர் கேட்டது ஏன்?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 நவம்பர் தேர்தலில் வில்சன் கட்சியின் முழக்கம், 'நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்'. கவனியுங்கள், 'வைப்பார்' அல்ல. உத்தரவாதம் கடந்த காலத்துக்கு மட்டும்! கலிபோர்னியாவை 4,000-க்கும் குறைவான வாக்குகளில் பிடித்துத்தான் அதிபர் பதவியைத் தக்கவைத்தார்.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளால் தாக்கத் தொடங்கியது. அப்போதும் அவர் தூதரக உறவை முறித்ததோடு நின்றார். பிறகு வந்தது தந்தி. அமெரிக்காவுடன் போர் மூண்டால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ஆசை காட்டியிருந்தார். பிரிட்டன் இடைமறித்துக் கொடுத்த அந்தத் தந்தி மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வெளியானது. போலி என்று பலர் சந்தேகித்தபோது, நான்தான் அனுப்பினேன் என்று சிம்மர்மனே ஒப்புக்கொண்டார். வில்சனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் போர்ப் பிரகடனம் கேட்டார். அவரைப் பச்சோந்தி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜெர்மனியை எதிர்த்த பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கடனை வாரி வழங்கியபோதே அந்த நடுநிலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

கீழவையில் எதிர்த்தவர்கள் 50 பேர். அவர்களில் ஒருவரான ஜெனட் ரேங்கின், 1941-இல் ஜப்பான் மீதான போரையும் எதிர்த்து வாக்களித்தார், தன்னந்தனியாக.